மலைக்கு மணல் சுமந்த நாள்

இமயமலைக்குப் போகிறவன் முதலில் கோம்பைக்கு மேலே இருக்கும் மெட்டில் ஏறிக் காட்ட வேண்டும் என்று சேவியர் சொல்லிவிட்டான். மெட்டு என்றால் வெளியூர்க்காரர்கள் பாட்டு என்று நினைப்பார்கள். எங்கள் பக்கம் கேரளத்துக்குள் ஏறும் மலைவழிக்கு அதுதான் பெயர்.

நான் தேனி அல்லிநகரத்தில் பரோட்டா மாஸ்டர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சேவியர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், சொந்த ஊர் ராயப்பன்பட்டி. பல வருஷமாக இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்கு வருகிறவன். நான் கல்லுக்கு முன்னால் வேர்த்துக்கொண்டிருப்பேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் பனிமலைப் படங்களைத் திருப்பிக் காட்டுவான். பார்க்கும்போதே முகத்தில் காற்று அடித்த மாதிரி இருக்கும். ஒருநாள், "நீயும் வர்றியா முருகேசா?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து, நான் மாவை வீசிக்கொண்டே இருந்தேன். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

மதுரையில் ஒரு மேடம் இருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர்களைச் சேர்த்து வருஷத்துக்கு ஒருமுறை பனிமலைக்குக் கூட்டிப் போகிறார். தனியாக யாரையும் சேர்க்க மாட்டார், இரண்டிரண்டு பேராகத்தான். ஒரே கூடாரம், ஒரே கயிறு. சேவியரின் ஜோடியாக இருந்தவர் கடைசி நேரத்தில் விலகிவிட்டதால், அந்த இடத்துக்கு என்னைச் சொல்லி வைத்திருந்தான்.

மேடம் என்னிடம் போனில் பேசினார். முதுகில் பாரத்தோடு செங்குத்தான மலை ஒன்றில் ஏறி, அன்றைக்கே இறங்கிவிட்டு, மாலையில் அவருக்குச் சொல்ல வேண்டும். "கால் வலிக்கிறவங்களைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. வலிச்சா சொல்லாதவங்களை மேல கூட்டிட்டுப் போக முடியாது. அவங்களால கூட இருக்கவங்களுக்கும் ஆபத்து. ஜோடியில ஒருத்தர் சரியில்லன்னா ரெண்டு பேரும் வர வேணாம்," என்றார். நான் போனைப் பிடித்தபடி தலையாட்டினேன். சேவியர்தான் போனை வாங்கி, "தலையாட்டுறாரு மேடம்," என்றான்.

எனக்கு அந்த இடம் வேண்டும். மதுரையையும் பழனியையும் தாண்டி நான் எங்கேயும் போனதில்லை. அதைவிட, என்னை நம்பிச் சேவியர் தன் இடத்தையும் பணயம் வைத்துவிட்டானே என்பதுதான் ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

தை மாதம். இருட்டு பிரியும் முன்பே கிளம்பினேன். "மலையேறிட்டு வாறேன்," என்றதும் என் மனைவி செல்வி என் வாயைப் பொத்தினாள். "காலங்காத்தால அந்த வார்த்தையா? மலைக்குப் போயிட்டு வாறேன்னு சொல்லுங்க." எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தால் 'மலையேறிவிட்டது' என்போம். அதனால் திருத்திச் சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பையில் மணல். பாரத்துக்கு வேறு என்ன போடுவது என்று தெரியாமல், பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு ஆளுக்கு அரை மூட்டை வாங்கியிருந்தோம்.

சேவியரும் நானும் ஏறிய பஸ், சின்னமனூர் தாண்டியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். நாங்கள் கண்டக்டரைப் பார்த்தோம். "எறங்கிக்கங்க," என்றார்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஒன்று எங்களுக்காக நின்றது. உள்ளே முழுக்கப் பெண்கள். நகர்ந்து நகர்ந்து, இல்லாத இடத்தை உண்டாக்கினார்கள். இமயமலைக்குப் போகிற வழியில் எனக்குக் கிடைத்த முதல் உதவி அது.

"எந்தத் தோட்டத்துக்குண்ணே?" என்று எதிரில் இருந்த பெண் கேட்டாள்.

"தோட்டத்துக்கு இல்லக்கா. மெட்டு ஏறப் போறோம்," என்றான் சேவியர்.

"மேல என்ன சோலி?"

"சோலி ஒண்ணுமில்ல. ஏறணும், எறங்கணும்."

"பைல என்ன?"

"மணலு."

ஜீப்புக்குள் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"ஆத்தா! நம்ம மேலருந்து ஒரு பொட்டலம் கொண்டாந்தா செக்போஸ்ட்டுல பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறாக. இவுக கீழருந்து மண்ணைச் சுமந்துட்டுப் போறாக!"

"மேல மண்ணு தீந்துபோச்சு போல."

"வேண்டுதலாண்ணே?" என்று ஒருத்தி உண்மையாகவே கேட்டாள்.

"அப்படித்தான் வச்சுக்கங்களேன்," என்றான் சேவியர். நான் வெளியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் காது சூடாகியிருந்தது.

எதிரில் இருந்த பெண் டிபன் டப்பாவைத் திறந்தாள். இட்லி, மேலே தக்காளிச் சட்னி. "சாப்புடுங்கண்ணே," என்று என்னிடம் நீட்டினாள்.

"இப்பத்தான் சாப்ட்டேன்மா," என்றேன். வயிற்றில் ஒரு வாய் காப்பியைத் தவிர ஒன்றும் இல்லை.

"இந்நேரத்துக்கு எங்கிட்டுச் சாப்ட்டீக? சும்மா சாப்புடுங்க."

"பரவால்லம்மா."

"பிடிங்கண்ணே, கை வலிக்குது."

வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் இதுதான் முறை. முதல் தடவை கேட்டதும் வாங்குகிறவன் பறக்காவெட்டி. இரண்டாம் தடவை தயங்க வேண்டும். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம். கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். அதனால் மூன்று தடவை கேட்பார்கள். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்த இட்லியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அவள் பெயரைக்கூடக் கேட்காமல், மலைப்பாதை பிரியும் விலக்கில் இறங்கிவிட்டோம்.

மலையடிவாரத்தில் வனக்காவலர் ஒருவர் எங்கள் அனுமதிச் சீட்டைப் பார்த்தார். பிறகு பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே கையை விட்டு, ஒரு பிடி மணலை எடுத்து, விரல் இடுக்கில் ஒழுகவிட்டார்.

"ஆத்து மணலு," என்றார்.

"ஆமா சார்."

"என் சர்வீஸ்ல மணல் கடத்துறவன எத்தனையோ பேரப் பாத்துருக்கேன். மலைக்கு மேல கடத்துறவன இப்பத்தான் பாக்குறேன்." சிரிக்காமல்தான் சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் சேவியரின் தோளைத் தட்டி, "வெயிலுக்கு முன்னால பாறையத் தாண்டிருங்க," என்று வழிகாட்டி அனுப்பினார்.

ஏற்றம் உடனே தொடங்கியது. எங்கள் மலை கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிற மலை அல்ல, சுவர் மாதிரி நிற்கும். முதலில் முள்ளும் பாறையும், அதற்கு மேல் இடுப்பளவு புல். காலை எடுத்து வைத்தால் அடுத்த அடி முழங்காலுக்கு நேரே இருந்தது. நாள் முழுக்க நின்றே வேலை செய்கிறவன், கால் தாங்கும் என்று நினைத்திருந்தேன். நிற்பது வேறு, ஏறுவது வேறு. மணல் ஒரு பக்கமாகச் சரிந்து என்னைப் பள்ளத்தின் பக்கம் இழுத்தது. மூச்சு, கடையில் மாவு அரைக்கும் மெஷின் மாதிரி சத்தம் போட்டது.

சேவியர் முன்னால் போய்க்கொண்டே இருந்தான். அடிக்கடி திரும்பி, "எப்படி இருக்கு?" என்பான்.

"ஒண்ணுமில்ல," என்பேன்.

அதுவும் எங்கள் ஊர் முறைதான். காய்ச்சல் அடித்தாலும், கை பொசுங்கினாலும், என்ன என்று கேட்டால் ஒண்ணுமில்ல.

பாதி தூரத்தில் ஒரு பாறை நிழலில் பையை இறக்கினேன். சேவியர் வளைவைத் தாண்டி மேலே போயிருந்தான். காலையில் நானே போட்டுக் கட்டிய பரோட்டாப் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அண்ணாந்த தலையை இறக்குவதற்குள் குரங்கு ஒன்று பொட்டலத்தோடு பாறை மேல் இருந்தது. வாழையிலையைப் பொறுமையாகப் பிரித்தது. பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டது. என் பரோட்டாவை அவ்வளவு மரியாதையாக ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சால்னாப் பாக்கெட்டை மட்டும் அதற்குப் பிரிக்கத் தெரியவில்லை. கல்லில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, அதையும் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

மேலே போனதும் சேவியர், "சாப்ட்டியா?" என்றான்.

"ஆச்சு," என்றேன்.

சொன்னால் அவனுடையதில் பாதியைத் தருவான். தந்துவிட்டு, ஒரு பொட்டலத்தைக் காப்பாற்றத் தெரியாதவன் பனியில் என்ன செய்வான் என்று நினைப்பான். மேடத்திடமும் சொல்லும்படி ஆகும். அப்படித்தான் எனக்கு யோசனை போயிற்று.

உச்சிக்கு வந்தபோது காற்று என்னை ஒரு அடி பின்னால் தள்ளியது. திரும்பிப் பார்த்தேன். கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே கிடந்தது. திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், நடுவில் முல்லையாறு, கண்மாய்த் தண்ணீரில் வெயில், அந்தப் பக்கம் வருசநாட்டு மலைகள் நீலமாக. இத்தனை காலம் நான் பஸ்ஸில் போய்வந்த ஊர்களெல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கியிருந்தன. தேனி எந்தப் பக்கம் என்று தேடினேன். புகை மூட்டமாக ஏதோ தெரிந்தது. அங்கேதான் என் கடையும் கல்லும். இவ்வளவு அழகான இடத்திலா நான் வேலை செய்கிறேன் என்று தோன்றியது. சேவியரிடம் நன்றி சொல்ல நினைத்தேன். "காத்து பலமா இருக்கு," என்றுதான் வாயில் வந்தது.

"எல்லாம் இருக்கும்," என்றான் அவன். நான் சொல்லாதது அவனுக்குப் புரிந்திருக்கும்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினால் கேரளம். எங்கள் பக்கம் புல் காய்ந்து கிடக்க, அங்கே பத்தே எட்டில் எல்லாம் பச்சை. மழையும் அங்கேதான் முதலில் இறங்குகிறது. தோட்டத்து ஓரமாக ஜோஸ் சேட்டன் என்பவர் வீட்டோடு சேர்த்துச் சின்னதாக டீக்கடை வைத்திருந்தார். நாங்கள் எந்த வழியாக வந்தோம் என்று கேட்டு, பையில் மணல் என்று தெரிந்ததும், உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தமிழ்நாட்டிலிருந்து அரிசிதான் சுமந்து வருவார்கள், இப்போது மணலுமா என்று மலையாளத்தில் கேட்டார்.

பால் இல்லாத டீ கொடுத்தார்கள். பிறகு ஜோஸ் சேட்டன் ஒரு தட்டில் ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கு, சிவக்கச் சிவக்க மீன் குழம்போடு வந்து, என்னிடம் "கழிச்சோ?" என்றார். அங்கே அதற்குச் சாப்பிட்டாயா என்று அர்த்தம். மலையாளம் தெரியும் என்று காட்டிக்கொள்ளும் ஆசையும் சேர்ந்துகொண்டது.

"கழிச்சு சேட்டா," என்றேன்.

"ஓ, சரி," என்று தட்டை சேவியர் பக்கம் திருப்பிவிட்டார்.

நான் இரண்டாம் தடவைக்குக் காத்திருந்தேன். அது வரவே இல்லை. நல்ல மனிதர், நான் சொன்னதை அப்படியே நம்பினார். சேவியர் கடைசித் துண்டுக் கிழங்கால் தட்டைத் துடைத்துச் சாப்பிடுவதை, நான் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கிளம்பும்போது அவர்கள் இருவரும் எங்களுக்காகச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது. அதில் பாதி மீன் குழம்புக்காக.

இறக்கம் சுலபம் என்று நினைத்தது என் அறியாமை. தொடை இரண்டும் நடுங்கின. சேவியர் ஒருக்களித்து, ஒரு காலை முன்னால் வைத்து வைத்து இறங்கினான். இறங்குகிற முறை அதுதான் போல என்று நானும் அப்படியே இறங்கினேன். வெயில் நேராக உச்சந்தலையில். கொஞ்ச நேரத்தில் கண் இருட்டி, பாறைகளின் ஓரமெல்லாம் கருத்துத் தெரிந்தது.

"எப்படி இருக்கு?" என்றான் கீழே இருந்து.

"ஒண்ணுமில்ல."

அந்த வார்த்தை வாயை விட்டுப் போவதற்குள் என் கால் மடங்கியது. உட்கார்ந்தபடியே சறுக்கினேன். மணல் பை என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு செடியில் மாட்டியது. என் காலுக்குக் கீழே தேங்காய் அளவுக் கல் ஒன்று பெயர்ந்து கிளம்பியது. கத்த வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கல் ஒருமுறை குதித்து, சேவியரின் காதை ஒட்டிப் போய், கீழே எங்கேயோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது.

அவன் அப்படியே நின்றான். பிறகு மேலே ஏறி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏலே, ஒண்ணுமில்லயா? அது என் மண்டையில விழுந்துருந்தா, என் பொண்டாட்டிகிட்டயும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவியா?"

நான் செடியில் மாட்டிய பையை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"வாயத் தொறந்து சொல்லுடா. என்ன செய்யுது?"

"பசிக்குது," என்றேன்.

அந்த வார்த்தையை வெளியாள் யாரிடமும் நான் சொன்னதாக நினைவில்லை. ஓட்டலில் வேலை செய்கிறவன் அதைச் சொல்வது வெட்கம். ஒன்று வெளியே வந்ததும் மற்றவையும் வந்துவிட்டன. பரோட்டாவைக் குரங்கு கொண்டுபோனது, கிழங்கை வேண்டாம் என்றது, கண் இருட்டுவது, அவனுடைய இடமும் என்னால் போய்விடுமோ என்ற பயம், எல்லாம்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "கொரங்கு..." என்று ஆரம்பித்தான். கோபமாகத்தான் ஆரம்பித்தான், பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சட்டைப்பையில் கடலை மிட்டாய் இருந்தது. ஒரு தடவைதான் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

என் பையில் இருந்த மணலை அங்கேயே கொட்டினோம். ஜீப்பில் வந்த பெண்கள் சொன்ன மாதிரி மலைக்கு மண் கொண்டுவந்தது பலித்துவிட்டது. அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தான்: அவன் கேட்க மாட்டான், நானாகவே நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

சொன்னேன். எடுத்ததும் கூச்சமாக இருந்தது. "இடது கால் நடுங்குது. தாகமா இருக்கு. இந்த எடம் பயமா இருக்கு. இப்பப் பரவால்ல. இல்ல, பரவால்லன்னு சொன்னது பொய்." கீழே மலைமாடுகளை மடக்கிக்கொண்டிருந்த ஒருவர் இதைக் கேட்டு நின்றுவிட்டார்.

"என்னப்பா, இவரு இப்படிப் பொலம்பிக்கிட்டே வாறாரு?"

"பயிற்சிண்ணே," என்றான் சேவியர்.

"பொலம்புறதுக்குப் பயிற்சியா? எங்க வீட்டுக்கு அனுப்பு. எங்க மாமியா ஓசில சொல்லிக் குடுப்பாக." சொல்லிவிட்டு, தன் தண்ணீர் கேனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நிறையக் குடித்தேன்.

அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சேவியர் மேடத்தைக் கூப்பிட்டான். நான் வடையைச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லாப் போச்சு மேடம். ஒரு பிரச்சனையும் இல்ல. அவரு சூப்பரா ஏறி எறங்கிட்டாரு."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னான். நான் சும்மா இருந்தால் போதும், இரண்டு பேருக்கும் இடம் உறுதி. ஆனால் அந்தக் கல் அவன் காதருகே போனது என் கண்ணுக்குள் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. அங்கே பனியில், ஒரே கயிற்றில், நான் மேலேயும் அவன் கீழேயும் நிற்கப்போகிறோம். வடையை வைத்துவிட்டுக் கையை நீட்டினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். போனை அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

"மேடம், முருகேசன் பேசுறேன்," என்றேன். குரங்கிலிருந்து மணலைக் கொட்டியது வரை எல்லாவற்றையும் சொன்னேன். சேவியர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"இதெல்லாம் யாராவது சொல்லச் சொன்னாங்களா?" என்று மேடம் கேட்டார்.

"இல்ல மேடம். சேவியரு சொல்ல வேணாம்னுதான் பாத்தாப்ல."

"அப்ப நீங்க வர்றீங்க முருகேசன். சேவியர்கிட்டச் சொல்லுங்க, மலையில நீங்க எறங்குன்னு சொன்னா அவர் எறங்கணும்." வைத்துவிட்டார்.

சொன்னேன். சேவியர் சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன். அவன் டீயைக் குடிக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேண்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான். வீங்கி, மறு முழங்காலைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

"ஏற ஆரம்பிச்சதுலருந்தே வலிக்குதுப்பா," என்றான். "உன்னத்தான் கேட்டுக்கிட்டே வந்தேன். நீ என்னக் கேக்கவே இல்ல."

உண்மைதான். அவன் என்னைக் கேட்ட கேள்வியை ஒரு தடவையாவது நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, யாரிடமும் சொல்லாததை என்னிடம் சொன்னானே என்று மனசு நிறைந்தும் இருந்தது. டீக்கடைக்காரரிடம் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி அவன் முழங்காலில் வைத்தேன்.

பிறகு போனை அவன் கையில் திரும்பக் கொடுத்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. எண்ணை அழுத்தினான். மேடம் உடனே எடுத்துவிட்டார்.

"இப்பப் பேசுறது யாரு, நீங்களா, அவரா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும்தான் மேடம்," என்றான் சேவியர்.